டிஸ்க்கில் இருந்த பங்கு

அண்ணனும் தம்பியும் தொழிலைப் பிரித்துக்கொண்டபோது அண்ணனுக்கு மெஷின் வந்தது, தம்பிக்கு டிசைன் வந்தது. மெஷின் என்றால் ஒரே சமயத்தில் பன்னிரண்டு துணியில் தைக்கிற பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷின். முன்கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். அது ஓட ஆரம்பித்தால் வாசல் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அவ்வளவு அதிர்வு. டிசைன் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க். வெளியாட்கள் பார்த்தால் அண்ணன் முக்கால்வாசியைச் சுருட்டிக்கொண்டார் என்றுதான் சொல்வார்கள். தொழில் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மெஷினைக் காசு கொடுத்தால் எவனும் தருவான். டிசைனை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

அந்த டிசைன்களில் ஒன்றைக்கூட அண்ணனும் போடவில்லை, தம்பியும் போடவில்லை. போட்டது தம்பி மனைவி. அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். கல்யாணமாகி வந்த வருஷமே உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான். பள்ளிக்கூட பேட்ஜ், ஓட்டல் துண்டில் வரும் பெயர், நர்சுகளின் சட்டைப் பைக்கு முத்திரை, விளையாட்டுக் குழுவின் தொப்பிக்குப் புலி என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவள்தான் வரைய வேண்டும். வரைந்தால் மட்டும் ஆயிற்றா? ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கமாகப் படுக்க வேண்டும், எந்த நிறம் முந்தி எந்த நிறம் பிந்தி என்று ஒவ்வொரு தையலுக்கும் சொல்லிக் கொடுத்தால்தான் மெஷினுக்குப் புரியும். கொஞ்சம் பிசகினால் துணி சுருங்கும், நூல் அறும், புலி பூனையாகிவிடும்.

அப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்டதெல்லாம் பிரிவினையன்று "தம்பி பங்கு" ஆகிவிட்டது. அண்ணனான பெரியவர் தாராளமாகக் கையை விரித்து, "டிசைன் பூரா நீயே வச்சுக்கடா, எனக்கு ஒன்னுகூட வேணாம்" என்றார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர் அவர். தம்பியை ஆளாக்குவதிலேயே தன் வயசு போய்விட்டது என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தம்பிக்காரன் கண் கலங்கிவிட்டான். சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் தன் அம்மாவிடம், "நான் போட்டத எனக்கே தானம் பண்றாங்கம்மா" என்றாள்.

"எப்படியோ குடுத்தாங்கல்ல. வாயத் திறக்காம வாங்கிக்கிட்டு வெளிய வந்து சேரு" என்றாள் அம்மா.

அவளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை பார்த்தாயிற்று. மெஷின் இல்லாவிட்டால் போகிறது, டிசைன் கையில் இருந்தால் எந்த மெஷின்காரரிடமும் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொள்ளலாம். மாதம் பிறந்ததும் போவதென்று பேச்சு.

இதற்கு நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மெஷினில் வேலைபார்த்த ஒருவன் நூறு டிசைனைத் திருடி எதிரிக் கடைக்குக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து பெரியவர் ஒரு சட்டம் போட்டார். டிசைன் எல்லாம் ஒரே டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பென் டிரைவில் எடுத்து மெஷினுக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். சின்னவளின் கம்ப்யூட்டரிலும் எதுவும் தங்கக்கூடாது. "இன்னொரு டிஸ்க்குல ஒரு காப்பி போட்டு வச்சுக்கலாம் மாமா" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ரெண்டு இடத்துல இருந்தா ரெண்டு இடத்துல திருடுவான்" என்பார் பெரியவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மழை வரப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வராமல், வீடெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்து, சின்னவள் கம்ப்யூட்டரில் செருகினாள். விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும், பிறகு மறுபடியும் டிக், டிக்.

ஒயரை மாற்றிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகிப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். கணவனின் லேப்டாப்பை எடுத்துவரச் சொல்லி அதில் செருகினாள். அதில் கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டம் வந்தது, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று.

"சரின்னு குடு. அதுவே கேக்குதில்ல" என்று தம்பிக்காரன் மவுசில் கை வைத்தான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "எல்லாத்தையும் தொடச்சுப் போட்டுட்டு சுத்தமா தரேங்குது. அதுக்கு சரின்னு சொல்லணுமா?"

"எனக்கென்ன தெரியும். நல்லதுக்குத்தான் கேக்குதோன்னு நெனச்சேன்."

சத்தம் கேட்டு மாமியார் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இந்தச் சூட்டுக்கு மனுஷனே படுத்துக்குறான், அது என்ன பண்ணும். ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சு எடு" என்றாள்.

"தக்காளியா அத்தை, ஃபிரிட்ஜுல வைக்க?"

பெரியவரும் வந்தார். வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "ஒரு தட்டு தட்டிப் பாரேன். டிவி ரிமோட்டு அப்படித்தான் வேல செய்யுது" என்றார். பிறகு, "பழசாயிடுச்சும்மா அது. எத்தன வருஷம் ஒழச்சிருக்கு" என்றார். சாவு வீட்டில் பேசுகிற குரல் அது. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பதைப்பில் இருக்கிறவளுக்கு எங்கே உறைக்கும்?

மறுநாள் கடை திறக்கும் முன்பே அவள் ரிப்பேர்காரர் வாசலில் நின்றாள். ஒடுக்கமான கடை. சுவரெல்லாம் செத்த லேப்டாப்புகள் அடுக்கியிருந்தன. ரிப்பேர்காரர் டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை செருகி, காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு உடனே பிடுங்கினார்.

"இத யாரு கீழ போட்டது?"

"யாரும் போடல சார். துணி சுத்தி பீரோவுல வச்சிருப்பேன்."

"சும்மா கெடந்து விழல. ஓடிட்டிருக்கும்போது விழுந்திருக்கு. இந்த மூலையப் பாருங்க."

பார்த்தாள். மூலை ஒடுங்கியிருந்தது. நேற்று இருந்த பதற்றத்தில் கண்ணில் படவில்லை.

"உள்ள தட்டு வேகமா சுத்திட்டிருக்கும்" என்று அவர் கையை வைத்துக் காட்டினார். "அதுக்கு மேல ஒரு சின்னக் கை, தட்டத் தொடாமயே படிக்கும். விழுந்தா அந்தக் கை தட்டுல போய் இடிக்கும். கை போயிருந்தா மாத்திப் பாக்கலாம். தட்டு கீறிப் போயிருந்தா ஒன்னும் பண்ண முடியாது. சத்தம் வந்தப்புறம் எத்தன வாட்டி செருகிப் பாத்தீங்க?"

"ஏழெட்டு வாட்டி இருக்கும்."

"ஒவ்வொரு வாட்டியும் அது தட்டச் சொரண்டியிருக்கும். சரி, விட்டுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க. உறுதியா ஒன்னும் சொல்லமாட்டேன்."

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டில் கை வைக்கவில்லை. "டிஸ்க்க யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

மாமியார் முட்டைப் பொரியலைப் பெரியவர் தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். "பீரோச் சாவி உன்கிட்டதான இருக்கு?" என்றாள்.

"பூட்டுறதில்லையே அத்தை. திருடன் வெளியேர்ந்துதான் வருவான்னு நெனச்சேன்."

"இது என்ன பேச்சு" என்றான் தம்பிக்காரன், சோற்றைப் பார்த்தபடி. "கைதவறி நீயே போட்டிருப்ப. தூக்கக் கலக்கத்துல."

"ஓடிட்டிருக்கும்போது விழுந்திருக்குங்கறாரு. நான் வேல பாத்திட்டிருக்கும்போது விழுந்தா எனக்குத் தெரியாதா?"

"அவன் ரிப்பேருக்கு ஏத்த மாதிரி ஒரு கதை சொல்றான்" என்றார் பெரியவர். "உன்மேல யாரும் பழி போடலம்மா. போனது போச்சு. வரைஞ்ச கைதான, திரும்ப வரைய வராதா?"

பத்து வருஷ வேலை. அதைச் சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார். அவளுக்குத் தட்டைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது. எறியவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தாள். நாள் முழுக்க அதே யோசனை. ஒருவேளை நிஜமாகவே தான்தான் போட்டிருப்போமோ என்றுகூட ஒரு சமயம் தோன்றியது. நாலு பேர் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னால் யாருக்கும் தன்மேலேயே சந்தேகம் வரும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. புது வகுப்புப் பிள்ளைகளுக்கு பேட்ஜ், வாரக் கடைசிக்குள் வேண்டும். பேட்ஜில் ஒரு மீன்கொத்தி கிளைமேல் உட்கார்ந்திருக்கும், கீழே இரண்டு வரி எழுத்து. அவள் போட்டதிலேயே அவளுக்குப் பிடித்த டிசைன் அது. இறகின் நீலத்தில் மூன்று நீலம் வைத்திருந்தாள். ஒன்று முடிகிற இடம் தெரியாமல் அடுத்தது ஆரம்பிக்கும். டிஸ்க்கோடு அதுவும் போயிற்று. ஒரு பழைய சட்டையிலிருந்து பேட்ஜைப் பிரித்தெடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, தையல் தையலாக எண்ணி மறுபடி வரைய ஆரம்பித்தாள். கண்ணில் நீர் கொட்டியது. முதுகு பிடித்துக்கொண்டது. அலகு வரை வந்தது, இறகு சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

தம்பிக்காரன் வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து வைத்தான். பின்னால் நின்று தோளைப் பிடித்துவிட்டான். "எதுக்கு இப்படி உடம்பக் கெடுத்துக்குற. கொஞ்சம் பொறு. ஏதாவது வழி பொறக்கும்" என்றான்.

"வழி எங்கேர்ந்து பொறக்கும்? நான் வரைஞ்சாதான் பொறக்கும்."

அவன் ஏதோ சொல்ல வந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாவம், தனக்காக வருத்தப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

வியாழக்கிழமை ரிப்பேர்காரர் அவளைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதிலேயே பதில் தெரிந்துவிட்டது. வேறொரு டிஸ்க்கிலிருந்து கையை எடுத்துப் பொருத்திப் பார்த்ததாகச் சொன்னார். தட்டில் வட்டமாக ஒரு கீறல் விழுந்து பொடி கொட்டிக் கிடந்தது. புதுக் கையும் இரண்டே நிமிஷத்தில் போய்விட்டது.

"இதுக்கு மேல யாருகிட்டயும் குடுத்து அலையாதீங்க. வராது" என்றார். "காப்பி எதுவும் வச்சுக்கலயா?"

"வைக்க விடல."

அவள் அங்கேயே புது டிஸ்க் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இனி வரைகிற ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று அம்மா வீட்டில். யார் என்ன சட்டம் போட்டாலும் சரி. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தாள். வழியெல்லாம் அழுதாள். அழுகிறபோதே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது, எந்த டிசைனை முதலில் திரும்பப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று. விட்டுவிடுவதுதான் நிறைய இருந்தது.

தெருமுனைக்கு வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. என்ன வேலை ஓடுகிறது என்று யோசித்தாள். ஓட்டல் துண்டு முடிந்துவிட்டது. வேறு எதற்கும் அவள் பென் டிரைவ் கொடுக்கவில்லை. வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வந்து பார்த்தாள்.

பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு துணியில் பன்னிரண்டு மீன்கொத்தி. வால் முடிந்து இறகு பாதி வந்திருந்தது. அவள் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். வேறு யாரும் போட்டதில்லை. வாலில் ஆரம்பித்து அலகில் முடிப்பது அவள் வழக்கம். மூன்று நீலமும் அவளுடையது.

பெரியவர் நூல் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். தம்பிக்காரன் தைத்து முடித்த பேட்ஜ்களைக் கத்தரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஆமாம், அவனும்தான்.

அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் நின்றது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு மாமா?"

மாமியார் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"வாயத் திறந்து சொல்லுங்க. செத்துப்போன டிஸ்க்குல இருந்த மீன்கொத்தி இங்க எப்படி வந்துச்சு?"

"மெஷின் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்தேன்" என்றார் பெரியவர். குரலில் கூச்சமே இல்லை. "சனிக்கிழமை, நீ உங்க அம்மாவப் பாக்கப் போயிருந்தப்ப. ஓடற ஆர்டர் இருக்கு. நாளைக்கு நீங்க போயிட்டா ஒவ்வொன்னுக்கும் உன் வாசல்ல வந்து நிக்கணுமா நான்?"

"ஒன்னுகூட வேணாம்னு சொன்னீங்களே. கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

இவ்வளவு நியாயமாக ஒரு திருட்டை யாரும் பேசிக் கேட்டதில்லை. "டிஸ்க்கு எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

பெரியவர் நூல் உருளையைக் கீழே வைத்தார். "ஒயரு எட்டல. மெஷின் மேல வச்சேன். ஆயிரக்கணக்குல இருக்கே, லேசுல முடியல. மெஷினும் ஓடிட்டிருந்துச்சு. நகந்து நகந்து வந்து விழுந்துருச்சு. அதுக்குள்ள காப்பி முடிஞ்சிடுச்சு, அதுவரைக்கும் நல்லதாப் போச்சு."

"மெஷின் மேல நீங்க டீ டம்ளர்கூட வைக்க மாட்டீங்களே மாமா. அதிர்வுல விழுந்துரும்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு டம்ளருக்கு இருக்கற மதிப்பு என் பத்து வருஷத்துக்கு இல்லையா?"

"குரல ஒசத்தாத" என்றாள் மாமியார்.

"நீங்களும் தெரிஞ்சுதான் முட்டைப் பொரியல் வச்சீங்களா அத்தை?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள் மாமியார். "பிரிஞ்சு போற நேரத்துல அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? மெல்ல எடுத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தோம். இப்ப என்ன கெட்டுப்போச்சு? உன் டிசைன்தான் பத்திரமா இருக்கே. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கையில் இன்னமும் கத்தரிக்கோல் இருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்றான் அவன். "அண்ணனே சொன்னாரு. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அவரு மானம் போயிரும்னு..."

"நாலு நாளா எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க. பின்னால நின்னு தோளப் புடிச்சு விட்டீங்க. நான் பூதக்கண்ணாடி வச்சு இதே மீன்கொத்திய எண்ணிக்கிட்டிருந்தேன், இது பக்கத்து ரூம்ல இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும். நானே கீழ போட்டிருப்பேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க."

"அப்ப எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. திருடினவர் மேல் வந்த கோபத்தைவிட, தோளைப் பிடித்துவிட்ட அந்தக் கைமேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து மெஷின் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்துச் செருகி மடியில் வைத்துக்கொண்டாள். ஒயர் எட்டத்தான் எட்டியது. முதல் டிஸ்க்கில் காப்பி ஓடியது, அது முடிந்ததும் இரண்டாவதில். பாதியில் மாமியார் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. பெரியவர் இரண்டு தடவை தெருவுக்குப் போய் வந்தார். வெளியே ஒருவழியாக மழை பிடித்தது. தம்பிக்காரன் ஜன்னலைச் சாத்தினான், அதுதான் அவன் செய்த வேலை. முடிந்ததும் அவள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தாள். புலி இருந்தது. நர்சுகளின் முத்திரை இருந்தது. அவள் முதன்முதலாகப் போட்ட, இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிற ஒரு ரோஜாவும் இருந்தது.

இரண்டு டிஸ்க்கையும் கழற்றிப் பையில் போட்டாள். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்க ஆரம்பித்தாள்.

"இரு, இரு" என்று பெரியவர் ஓடி வந்தார். "மூணு ஆர்டர் கையில இருக்கு. என் பொழப்பக் கெடுக்காத."

"மீன்கொத்திய மட்டும் விட்டு வைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு. மத்தது வேணும்னா என் வாசல்ல வந்து நின்னு கேளுங்க. தருவேனான்னு அப்பச் சொல்றேன்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். "உன் பொண்டாட்டி பேசறதக் கேட்டியா" என்றார்.

தம்பிக்காரன் அவள் பின்னாலேயே உள்ளறைக்கு வந்தான். அவள் துணிகளைப் பெட்டியில் வைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு பரணிலிருந்து தன் பெட்டியையும் இறக்கினான். "சரி, இன்னிக்கே போயிடலாம். எப்படியும் போறதுதான. நம்ம பங்கு கிடைச்சிடுச்சு, அது போதும்" என்றான்.

அவள் பெட்டியை மூடினாள்.

"உங்க பங்கு எதுங்க?"

"டிசைன்தான்."

"டிசைன் நான் போட்டது. அதுல உங்க அண்ணன் உங்களுக்கு என்ன பங்கு குடுக்க முடியும்? என்னோடத எடுத்து உங்களுக்குக் குடுத்துட்டு, மெஷின முழுசா அவரு வச்சுக்கிட்டாரு. உங்க பங்கு அந்த மெஷின்ல பாதி. அதப் போய்க் கேளுங்க. என் முதுகுக்குப் பின்னால நின்னு இல்ல, அவரு மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. கேட்டுட்டு, வர்றதுன்னா வாங்க. கேக்காம வராதீங்க."

அவன் பெட்டியைப் பிடித்தபடியே நின்றான். அவள் பையை மார்போடு அணைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, மெஷினைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தாள். மாமியார் வழியில் நின்றாள், பிறகு விலகினாள். மழை விட்டபாடில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளே அவன் "அண்ணே" என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது.

அதற்கு மேல் என்ன கேட்டான் என்று நின்று கேட்க அவளுக்கு இஷ்டமில்லை. டிஸ்க் இரண்டும் நனையாமல் மாடி அறைக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் வேகமாக நடந்தாள்.